நாலே முக்காலும் நாலு தான்

லிஃப்ட் கம்பெனி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அண்ணன் கணக்கு டியூஷன் எடுத்துக்கிட்டு இருந்தான். டியூஷனை விட்டு பல வருசம் ஆச்சு, ஆனா போர்டை விடல. ஆபீஸ்ல அவன் நாற்காலிக்குப் பின்னாடி ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளை போர்டு. யாராவது எதுத்து ஒரு வார்த்தை பேசினா போதும், மார்க்கர் மூடியைக் கழட்டிருவான்.

கம்பெனின்னா மூணே பேரு. அண்ணன் முதலாளி. தங்கச்சி, லிஃப்டோட மூளையா வேலை செய்யிற பலகைக்கு ப்ரோகிராம் எழுதுறவ. தங்கச்சி புருஷன் மெக்கானிக். குழிக்குள்ள எறங்குறது, கம்பி மாட்டுறது, கதவைத் தொங்க விடுறது எல்லாம் அவன் வேலை.

அந்த மெக்கானிக்குக்கு அண்ணன் வச்ச பேரு பாயிண்ட்டு. சைபர் பாயிண்ட் ஒம்பதுல வர்ற பாயிண்ட். அவன் அண்ணன்கிட்ட டியூஷன் படிச்ச பய தான். கடைசிப் பரீட்சையில கணக்குல கொஞ்சத்துல போச்சு. அந்த வருசம் அண்ணன்கிட்ட படிச்சதுல ஃபெயிலானது அவன் ஒருத்தன் மட்டும். அதோட விட்டுருந்தா அண்ணன் மறந்துருப்பான். ஃபெயிலானவன் நேரா வந்து தங்கச்சியைக் கட்டிக்கிட்டான். அவளும் சிரிச்சுக்கிட்டே போயிட்டா. அதை அண்ணனால முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. சரி, வீட்டோட மாப்ள ஆயிட்டான், வேலையாவது வாங்குவோம்னு கூட வச்சுக்கிட்டான்.

"சைபர் பாயிண்ட் ஒம்பது ஒம்பதோட முழு எண் பகுதி என்ன?" கஸ்டமர் உக்காந்திருக்கும்போதே கேப்பான்.

"சைபர் மச்சான்."

"இன்னும் நாலு ஒம்பது சேத்துக்க. இப்ப?"

"சைபர் தான்."

"பாத்தீங்களா சார்? ஒண்ணுக்கு எவ்வளவு பக்கத்துல வந்தாலும் ஒண்ணு ஆகாது. இவன் எங்க வீட்டு மாப்ள."

வந்தவங்க சிரிப்பாங்க. பாயிண்ட்டும் சேந்து சிரிப்பான். வீட்டுக்குப் போனப்புறம் தங்கச்சி, "நீங்க எதுக்குங்க பல்லைக் காட்டுறீங்க?"ன்னு கேப்பா. "சிரிச்சா சீக்கிரம் முடியுது"ம்பான்.

அவன்கிட்ட ஒரு பழக்கம் உண்டு. குழியில வேலை பாத்துப் பாத்து வந்தது. லிஃப்ட் கதவு தெறந்தா மேல எரியிற நம்பரை அவன் பாக்கவே மாட்டான். ஒரு காலை மட்டும் நீட்டி, குதிகாலால ரெண்டு தட்டு தட்டுவான். இரும்புச் சத்தம் வந்தா தான் உடம்பு உள்ள போகும். வீட்டுலயும் அப்பிடித்தான். குளியலறைக்குப் போனாலும் வாசல்ல குதிகால் ரெண்டு தட்டு. "உள்ள தரை இருக்குங்க, நேத்து தான் கழுவி விட்டேன்"னு அவ கிண்டல் பண்ணுவா.

புதுசா கட்டின ஏழு மாடி ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர் லிஃப்ட் இவங்க போட்டது. அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து பாக்குறதுக்கு மொத நாள் சாயங்காலம், தங்கச்சி ஆபீஸ்ல வந்து நின்னா.

"அண்ணே, கதவு வரியை மாத்தணும்."

"எந்தக் கதவு வரி?"

"நீ சொல்லி நான் எழுதினேனே. வேகம் சைபரா இருந்து, எக்ஸோட முழு எண் பகுதியும் கூப்பிட்ட மாடியும் ஒண்ணா இருந்தா கதவைத் தெறன்னு. அது தான்."

அந்த லிஃப்ட் குழியில மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பட்டை ஒட்டியிருக்கு. பெட்டி எங்க நிக்குதுன்னு அந்தப் பட்டையைப் படிச்சு பலகை தெரிஞ்சுக்கும். தரைத்தளம் சைபர், மொத மாடி ஒண்ணு, ரெண்டாம் மாடிக்கும் மூணாம் மாடிக்கும் சரியா நடுவுல நின்னா ரெண்டு பாயிண்ட் அஞ்சு. அதைத்தான் எக்ஸ்னு வச்சிருந்தாங்க. பாயிண்ட்டுக்கு அப்புறம் இருக்கிறதை வெட்டி எறிஞ்சிட்டு முன்னாடி இருக்கிற முழு எண்ணை மட்டும் எடுத்துக்கன்னு சொன்னவன் அண்ணன். அவனுக்கு உயிரான கணக்கு அது. மீப்பெரு முழு எண் சார்பு. டியூஷன்ல அதுக்கே தனியா ஒரு வாரம் ஒதுக்குவான்.

அண்ணன் எந்திரிச்சான். மூடியைக் கழட்டிட்டான்.

போர்டுல படிக்கட்டு மாதிரி கோடு போட்டான். ஒவ்வொரு படிக்கும் இடது முனையில நெறைஞ்ச புள்ளி, வலது முனையில வெறும் வட்டம்.

"பாயிண்ட்டு, இங்க வா. அஞ்சுக்கு இடப்பக்கத்துல இருந்து வந்தா எல்லை என்ன?"

ஸ்க்ரூ டப்பாவைத் தொடைச்சுக்கிட்டு இருந்தவன் தலையைத் தூக்கினான். "நாலு மச்சான்."

"வலப்பக்கத்துல இருந்து?"

"அஞ்சு."

"அஞ்சுல நின்னா மதிப்பு?"

"அஞ்சு."

"ரெண்டு பக்கமும் ஒத்துப் போகுதா?"

"போகல. அதனால எல்லை இல்ல. தொடர்ச்சியும் இல்ல. அங்க ஒரு தாவல் இருக்கு."

"அடேங்கப்பா! பரீட்சை முடிஞ்சு இத்தன வருசம் கழிச்சு பாஸாயிட்டான்யா." தங்கச்சி பக்கம் திரும்பினான். "இப்ப நீ சொல்லு. இந்தச் சார்பை சைன் பை எக்ஸால, அந்த அலைக் கோட்டால, பெருக்கினா?"

"தொடர்ச்சி வந்துரும்ணே."

"ஏன்?"

"முழு எண் வர்ற எடத்துல எல்லாம் சைன் பை எக்ஸ் சைபர். சைபரால பெருக்கினா நாலும் சைபர், அஞ்சும் சைபர். ரெண்டு பக்க எல்லையும் சைபர், மதிப்பும் சைபர். தாவல் இருந்த எடம் தெரியாமப் போயிரும்."

"அதான் நம்ம லிஃப்ட்டு. நம்பர் தாவுற எடத்துல பெட்டி வந்து நிக்குது. நிக்கும்போது வேகம் சைபர். தாவல் செத்துப் போச்சு. இதுல எதை மாத்தச் சொல்ற நீ?"

அவ மார்க்கரைக் கேக்கல. நின்ன எடத்துல இருந்தே சொன்னா. "மாடியில வந்து நிக்கும்போது வேகம் சைபர், சரி. மாடியில மட்டும் தான் சைபர் ஆகும்னு யாருண்ணே சொன்னது? சைன் பை எக்ஸ் வேற எங்கயும் சைபர் ஆகாது. லிஃப்ட் ஆகும். கரண்ட் போனா நடுவுல நிக்கும்ல? நாலே முக்கால்ல நிக்குதுன்னு வை. வேகம் சைபர். முழு எண் நாலு. நாலாம் மாடிக்காரன் பட்டன் அமுக்கி வச்சிருக்கான். கதவு தெறக்கும். ஆனா அங்க பெட்டி இருக்காது. அது முக்கா மாடி மேல தொங்கும்."

அண்ணன் போர்டைப் பாத்தான். படிக்கட்டுக் கோட்டுல நாலாவது படி நீளமா, நேரா, அஞ்சு வரைக்கும் போய்க்கிட்டு இருந்துச்சு.

அப்ப தான் பாயிண்ட்டு அந்தத் தப்பைப் பண்ணினான். சிரிச்சிட்டான்.

"மச்சான், வாத்தியாருக்கே சைபர் போட்டுட்டாளே!"

வழக்கமா சிரிக்கிற சிரிப்பு இல்ல அது. மனசார வந்த சிரிப்பு. தங்கச்சிக்கும் உதட்டோரம் லேசா விரிஞ்சுது. அண்ணன் ரெண்டு பேரையும் பாத்தான். மார்க்கரை மூடினான். மூடி டக்குன்னு சத்தம் போட்டுச்சு.

"கதவுல இரும்புக் கொக்கி இருக்குல்ல?"

"இருக்கு."

"பெட்டி எதிர்ல வந்து நின்னா தான் கொக்கி விடும். ப்ரோகிராம் தெற தெறன்னு கத்தினாலும் கொக்கி விடாது. அதை மாட்டினது யாரு? உன் புருஷன். அவன் வேலை மேல உனக்கு நம்பிக்கை இல்லையா?"

அவ புருஷனைப் பாத்தா. அவன் தலையை ஆட்டினான். "கொக்கி இருக்கிற வரைக்கும் பயம் இல்லமா."

"அப்ப முடிஞ்சுது. பாஸ்வேர்டு என்கிட்ட இருக்கு, இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டதும் தர்றேன். நீயே உக்காந்து மாத்து." அப்புறம் பாயிண்ட்டைப் பாத்து, "நீ நல்லா சிரிக்கிற மாப்ள. நாளைக்கும் சிரி"ன்னான்.

மறுநாள் காலையில ஒத்திகை பாத்தாங்க. தங்கச்சி உச்சி மாடி பேனல் ரூம்ல. கீழ அண்ணனும் பாயிண்ட்டும். எல்லா மாடியிலயும் கதவு சரியா தெறந்துச்சு, நாலாம் மாடியில மட்டும் மாட்டிக்கிச்சு. பெட்டி வந்து நிக்குது, மணி அடிக்குது, கதவு ஒரு விரக்கடை நகந்து அப்பிடியே நிக்குது. கொக்கி லேசா வளைஞ்சிருந்துச்சு.

"பட்டறைக்கு எடுத்துட்டுப் போய் நிமித்திட்டு வந்துர்றேன் மச்சான். மதியத்துக்குள்ள மாட்டிரலாம்."

"இன்ஸ்பெக்டர் கேட்டுக்கு வந்துட்டாரு. கழட்டி ஓரமா வை."

"கொக்கி இல்லாமயா?"

"கீழ ரெண்டு மூணு மாடியில தான் அந்தாளு கொக்கியைப் பாப்பான். நாலு வரைக்கும் வர மாட்டான். இன்னைக்கு ஒரு நாள் ப்ரோகிராம் பாத்துக்கும்."

பாயிண்ட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கையில வச்சுக்கிட்டே நின்னான். "அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

"ஸ்க்ரூ கழட்டக் கூட பொண்டாட்டிகிட்ட பர்மிஷன் வாங்கணுமா? சொன்னா அவ குதிப்பா. டெஸ்ட்டே வேணாம்பா. ஆஸ்பத்திரிக்காரன் வேலையைத் தூக்கி வேற எவனுக்கோ குடுப்பான். அது உனக்கு சந்தோஷமா?"

"இல்ல மச்சான்."

"அப்ப கழட்டு. உனக்குத்தான் குதிகால் இருக்கே. தட்டிப் பாத்துட்டு ஏறு."

அது பாயிண்ட்டுக்கு நியாயமாப் பட்டுச்சு. குதிகால் இருக்கு. ரெண்டு ஸ்க்ரூவையும் கழட்டி, கொக்கியோட சேத்து கழிவுத் துணியில சுத்தி, ஜன்னல் விளிம்புல பத்திரமா வச்சான். சாயங்காலம் தேடக் கூடாதுல்ல.

இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாத மனுசன். தரைத்தளத்துல கொக்கியை இழுத்துப் பாத்தாரு. மொத மாடி, ரெண்டாம் மாடியிலயும் பாத்தாரு. அண்ணன் கணிச்ச மாதிரியே அதோட போதும்னு நிறுத்திட்டாரு. நாலாம் மாடியில ஆபரேஷன் தியேட்டர் இருக்கிறதால, ஸ்ட்ரெச்சர் டெஸ்ட்டை அங்க வச்சுக்கலாம்னாரு. ஆள் கனத்துக்கு மணல் மூட்டை ஏத்தி, ஆஸ்பத்திரி ஆளுங்க இழுக்கிற மாதிரியே இழுக்கணும். அதாவது ஒருத்தர் பின்பக்கமா நடந்து லிஃப்டுக்குள்ள போகணும், ஸ்ட்ரெச்சர் அவர் பின்னாடி வரணும்.

மொத தடவை கரண்ட் இருக்கும்போது. மணி அடிச்சுது, மேல நாலு எரிஞ்சுது, பாயிண்ட்டோட முதுகுக்குப் பின்னாடி கதவு தெறந்துச்சு. அவன் ஸ்ட்ரெச்சரைப் பிடிச்சுக்கிட்டே ஒரு காலைப் பின்னாடி நீட்டினான். டக். டக். இரும்பு. அப்புறம் தான் உள்ள போனான்.

"அதென்ன?" இன்ஸ்பெக்டர் கேட்டாரு.

"பழக்கம் சார்," பாயிண்ட்டு சொன்னான்.

அண்ணன் சிரிச்சான். "தப்பா எடுத்துக்காதீங்க சார். எங்க வீட்டு மாப்ள தான். கொஞ்சம் பயந்த சுபாவம். டேய், நீ மாட்டின லிஃப்டை நீயே தடவித் தடவிப் பாத்தா, நாளைக்கு நோயாளி எப்பிடிடா நம்பி ஏறுவான்? கண்ணு தெரியாதவனா நீ?"

அண்ணன் கையில இருந்த வாக்கி டாக்கி தெறந்தே இருந்துச்சு. மேல பேனல் ரூம்ல இருந்து தங்கச்சி குரல் வந்துச்சு. "அண்ணே, அவரு தட்டிட்டுப் போகட்டும். விடுண்ணே."

"பாத்தீங்களா? பொண்டாட்டி மேல இருந்து காவல்." அண்ணன் வாக்கி டாக்கியை அணைச்சு இடுப்புல சொருகிக்கிட்டான். பாயிண்ட்டு பக்கத்துல போய், இன்ஸ்பெக்டருக்குக் கேக்காத மாதிரி சொன்னான். "அடுத்த தடவை நிமிந்து, மனுசனா, நேரா போ. ஒரே ஒரு தடவை முழு ஆளா இருந்து காட்டு. நேத்து சிரிச்சல்ல?"

பாயிண்ட்டு சட்டைக் காலரை மட்டும் இழுத்து விட்டுக்கிட்டான்.

ரெண்டாவது தடவை கரண்ட்டை நிறுத்திப் பாக்கணும். காலிப் பெட்டியை ஆறாம் மாடிக்கு அனுப்பினாங்க. பாயிண்ட்டு நாலாம் மாடியில பட்டனை அமுக்கிட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி, ஸ்ட்ரெச்சரைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். பெட்டி எறங்க ஆரம்பிச்சுது. இன்ஸ்பெக்டர் கீழ இருக்கிற ஆளுக்கு போன்ல சொன்னாரு. மெயின் விழுந்துச்சு. விளக்கெல்லாம் போச்சு. குழிக்குள்ள பெட்டி ஒரு முனகலோட நின்னுச்சு.

ஜெனரேட்டர் எவ்வளவு நேரத்துல வருதுன்னு இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

ஜெனரேட்டர் வந்துச்சு. பேனல் ரூம்ல பலகை கண்ணு முழிச்சுது. தங்கச்சி முன்னாடி இருந்த சின்னத் திரையில எழுத்து வந்துச்சு. எக்ஸ், நாலு பாயிண்ட் எட்டு. வேகம், சைபர். மாடி, நாலு. அழைப்பு, நாலு.

அஞ்சாம் மாடியைத் தாண்டி கொஞ்சம் தான் எறங்கியிருக்கு. எறங்கின அந்த நொடியிலயே பலகைக்கு அது நாலு ஆயிருச்சு.

கொக்கி இருக்குன்னு தான் அவ நெனைச்சுக்கிட்டு இருந்தா. இருந்தாலும் கை தானா வாக்கி டாக்கிக்குப் போச்சு. "அண்ணே, ஏற வேணாம்னு சொல்லு. பெட்டி அங்க இல்ல. அண்ணே!" அந்தப் பக்கம் சத்தமே இல்ல. திரையில அடுத்த எழுத்து வந்துச்சு. நாலாம் மாடிக் கதவு தெறந்தாச்சு. கொக்கி இருந்தா அந்த எழுத்து வந்திருக்காது. சிவப்பு பட்டன் மேல ஓங்கிக் குத்தினா. சிவப்பு பட்டன் மெஷினைத் தான் நிறுத்தும். மெஷின் ஏற்கெனவே நின்னு தான் இருந்துச்சு. கதவுக்குத் தனி மோட்டார்.

கீழ மணி அடிச்சுது. நாலு எரிஞ்சுது. கதவு அழகா ரெண்டு பக்கமும் விலகுச்சு.

பாயிண்ட்டோட இடது கால் கொஞ்சம் பின்னாடி போச்சு. பழக்கத்துல போன கால். அந்தக் காலையே பாத்துக்கிட்டு இருந்த அண்ணன் தொண்டையைச் செருமினான். கால் திரும்பி வந்துச்சு. பாயிண்ட்டு நிமிந்தான். இன்ஸ்பெக்டரைப் பாத்து லேசா சிரிச்சான். ஸ்ட்ரெச்சரை ஒரு இழு இழுத்து, மனுசனா, நேரா, பின்பக்கமா நடந்து உள்ள போனான்.

ஸ்ட்ரெச்சர் அவன் பின்னாடியே போச்சு. மணல் மூட்டையோட.

தங்கச்சி படியில எறங்கிக்கிட்டு இருந்தப்ப அந்தச் சத்தம் கேட்டுச்சு. மொத ஒரு சத்தம், அப்புறம் பெருசா இன்னொண்ணு. அவ கால் நிக்கல. எறங்கிக்கிட்டே இருந்தா.

தீயணைப்புக்காரங்க தரைத்தளக் கதவு வழியா அவனை வெளிய எடுத்தாங்க. அவனுக்கு மேல கெடந்த மூட்டைங்களை மொத எடுக்க வேண்டியிருந்துச்சு. துணி போட்டு மூடி, அதே ஆஸ்பத்திரியோட பின் வாசல்ல வச்சாங்க. ஆஸ்பத்திரி இன்னும் தெறக்கல. அதனால உள்ள டாக்டர் யாரும் இல்ல. இருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.

அவ துணி பக்கத்துல உக்காந்திருந்தா. செருப்பு ஒண்ணு கழண்டு போயிருந்துச்சு. அவன் குதிகாலைக் கையால பிடிச்சுக்கிட்டா. அதுல வெடிப்பு இருந்துச்சு, எப்பவும் இருக்கிறது தான். அண்ணன் வந்து குந்தினான். தோள்ல கை போட்டான். பாக்குறவங்களுக்கு ஆறுதல் சொல்ற மாதிரி இருந்துருக்கும்.

"நல்லா கேட்டுக்க. இன்ஸ்பெக்டர் மேல கூப்பிடுறாரு. ப்ரோகிராம்ல எழுதினவங்கன்னு உன் பேரு தான் இருக்கு. என் பேரு எங்கயும் இல்ல. வரி தப்புன்னு நீ வாயைத் தொறந்தா, புருஷனைக் கொன்னவளுன்னு உன்னைத்தான் பிடிச்சுட்டுப் போவாங்க. நான் பேசிக்கிறேன். நீ அழு. அழுதா போதும்."

"கொக்கி என்னாச்சு?"

"என்ன கொக்கி?"

அவ எந்திரிச்சா.

நாலாம் மாடியில கதவை ஆளுங்க கையாலயே தள்ளி மூடி வச்சிருந்தாங்க. லிஃப்டை யாரும் தொடக் கூடாதுன்னு மெயின் ஸ்விட்சை இன்ஸ்பெக்டர் பூட்டி வச்சிருந்தாரு. இப்ப தான் மறுபடி போட்டாரு. மேல நாலு எரிஞ்சுது.

அண்ணன் பேசினான். டியூஷன்ல பேசுற மாதிரி, நிறுத்தி நிதானமா.

"பதிவை எடுத்துப் பாருங்க சார். மாடி நாலு, வேகம் சைபர், அப்புறம் தான் கதவு தெறந்திருக்கு. அதாவது பெட்டி இங்க வந்து நின்னிருக்கு. மணி அடிச்சதை நீங்களே கேட்டீங்க. அதுக்கப்புறம் பிரேக் விட்டிருக்கு. காலிப் பெட்டி லேசு, எதிர்ப்பக்கம் தொங்குற எடை தான் கனம். பிரேக் விட்டா பெட்டி மேல தான் போகும். பிரேக்கைக் கட்டினது பாவம் அவன் தான். செத்தவனைக் குத்தம் சொல்லக் கூடாது. ஆனா வேலையில எப்பவுமே ஒரு கொஞ்சம் பாக்கி வைப்பான் சார். சைபர் பாயிண்ட் ஒம்பது. கால்ல தட்டிப் பாக்குற பழக்கம் வேற இருந்துச்சு. இன்னைக்குன்னு பாத்து ஏன் தட்டலையோ."

இன்ஸ்பெக்டர் அண்ணனைக் கொஞ்ச நேரம் பாத்தாரு. தட்டாதடான்னு இவன் திட்டினது அவருக்கு ஞாபகம் இருந்துச்சு. ஆனா பதிவுல நாலுன்னு தான் இருந்துச்சு. நாலு எரிஞ்சதை அவரும் பாத்தாரு. பெட்டி அப்ப எங்க இருந்துச்சுன்னு தான் பாக்கல. கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

தங்கச்சி ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தா. விளிம்புல ஒரு கழிவுத் துணி, எதையோ சுத்தி வச்சிருந்துச்சு. முனையை மடிச்சு உள்ள சொருகியிருந்த விதம் அவளுக்குத் தெரியும். சாப்பாட்டு டப்பாவையும் அவன் அப்பிடித்தான் சுத்துவான். போய் எடுத்தா. பிரிச்சா. கொக்கியும் ரெண்டு ஸ்க்ரூவும். அதை அப்பிடியே இன்ஸ்பெக்டர் கையில வச்சா.

"வரியை எழுதினது நான் தான் சார். என் பேரு தான் இருக்கு. என்னை என்ன பண்ணணுமோ பண்ணுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பாருங்க. யாரும் இன்னும் பெட்டியை நகத்தல. அது எங்க தொங்குச்சோ அங்கயே தான் தொங்குது. அண்ணன் சொல்றது நெசம்னா, பெட்டி நாலுல இல்லன்னு இப்ப பலகைக்குத் தெரிஞ்சிருக்கணும். பட்டனை அமுக்கினா மெஷின் ஓடி, பெட்டி கீழ எறங்கி வந்து, அப்புறம் கதவு தெறக்கணும். பிரேக்கு போயிருந்தா அதுவும் தெரிஞ்சிரும்."

"இவளுக்கு அதிர்ச்சி சார். என்ன பேசுறான்னே தெரியல."

"அண்ணே, அவரு நின்ன எடத்துல போய் நில்லு."

"என்னடி?"

"கதவுக்கு முதுகைக் காட்டி நில்லு. நீ தான் சொல்ற, மெஷின் சொன்னது சரின்னு. நின்னு காட்டு."

அண்ணன் இன்ஸ்பெக்டரைப் பாத்தான். அவரு கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தாரு. தலையைத் தூக்காமயே, "நில்லுங்க. ஏற வேணாம். நின்னா போதும்"னாரு. அவரே வந்து அண்ணனுக்குப் பக்கத்துல, கை எட்டுற தூரத்துல நின்னுக்கிட்டாரு.

மாட்டேன்னு சொன்னா அதுவே பதில் ஆயிரும்னு அண்ணனுக்குத் தெரியும். போய் நின்னான். கதவோரச் சுவர் பக்கம் தங்கச்சி. அவ கை பட்டன் மேல.

"மெஷின் சத்தம் வருதான்னு கேளுண்ணே," அவ சொன்னா. "வந்தா நீ சொன்னது நெசம். நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அமுக்கினா.

மெஷின் சத்தம் வரல. மணி மட்டும் அடிச்சுது. முன்ன அடிச்ச மாதிரியே மரியாதையா, ஒரு தடவை. அண்ணன் முதுகுக்குப் பின்னாடி கதவு ரெண்டு பக்கமும் விலகுச்சு. குழிக்காத்து அவன் பின்னங்கழுத்துல பட்டுச்சு, முடி லேசா அசைஞ்சுது. இன்ஸ்பெக்டர் அவன் தோளுக்கு மேல எட்டிப் பாத்தாரு. உள்ள பெட்டி இல்ல. கம்பி தொங்குச்சு. மேல, எட்டாத உயரத்துல, பெட்டியோட அடிப்பாகம் கறுப்பாத் தெரிஞ்சுது. கீழ வரைக்கும் இருட்டு.

"போதும், முன்னாடி வாங்க"ன்னாரு இன்ஸ்பெக்டர்.

அண்ணனால வர முடியல. எங்க நிக்குறோம், விளிம்புக்கு எவ்வளவு தூரம்னு அவனுக்குப் பிடிபடல. திரும்பிப் பாக்கவும் தைரியம் இல்ல. ஒரு கையால கதவுச் சட்டத்தைத் தேடிப் பிடிச்சான். அப்புறம் வலது கால் மெதுவா, தானா, பின்னாடி போச்சு. குதிகால் தரையைத் தேடுச்சு. ஒரு தடவை தட்டுச்சு. ரெண்டாவது தட்டுக்கு ஒண்ணும் கெடைக்கல. காத்துல நின்னுச்சு.

தங்கச்சி பட்டன்ல இருந்து கையை எடுக்கல. எடுத்தா கதவு மூடிக்கும்.

"என்னண்ணே தடவுற? கண்ணு தெரியாதா?"

அவன் கதவுச் சட்டத்தை இன்னும் இறுக்கிப் பிடிச்சான்.

"மேல பாரு. நாலு தான் போட்டிருக்கு. ஏறு."